ரொமான்டிக் இலக்கியம்: இரண்டிரண்டாகப் படிக்க வேண்டிய புத்தகங்கள்

ஆங்கில இலக்கியம் படிக்கிற மாணவர்களிடம் ரொமான்டிக் காலத்தின் (காதல் கதைகள் அல்ல, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த இலக்கிய இயக்கம்) அம்சங்கள் என்னவென்று கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். இயற்கை ஈடுபாடு, கற்பனைக்கு முதலிடம், தன்னுணர்ச்சி, எளிய மனிதர்கள் மேல் அக்கறை, குழந்தைப் பருவம், புரட்சி, அமானுஷ்யம். கைடில் இருப்பது இதுதான், தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கவிதைகளைத் திறந்தால்தான் தகராறு. வேர்ட்ஸ்வொர்த்துக்கு இயற்கை ஒரு தாதி, ஆசான். பிளேக்கோ, வேர்ட்ஸ்வொர்த்தின் தொகுப்பைப் படிக்கும்போது பக்கத்தின் ஓரத்திலேயே, இயற்கைப் பொருள்கள் எப்போதும் தன் கற்பனையை மழுங்கடிக்கவே செய்கின்றன என்று எழுதி வைத்தார். இருவரும் ரொமான்டிக் கவிஞர்கள். இருவரையும் 'இயற்கை ஈடுபாடு' என்ற ஒரே பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை இது. புத்தகங்களைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள், இரண்டிரண்டாகப் படியுங்கள். ஒரு புத்தகம், கூடவே அதை மறுத்துப் பேசுகிற அல்லது அதே விஷயத்தை வேறு இடத்தில் நின்று பார்த்த இன்னொரு புத்தகம். கருப்பொருள்கள் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடக்கிற வாக்குவாதத்தில் தாமாகவே துலங்கிவிடும்.

காலக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். தோராயமாக 1780களில் இருந்து 1830கள் வரை. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி. இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின, கிராமங்களின் பொது நிலங்கள் வேலி போட்டுத் தனியாருக்குப் போயின. பிளேக் (பிறப்பு 1757), வேர்ட்ஸ்வொர்த் (1770), கோல்ரிட்ஜ் (1772) மூவரும் மூத்த தலைமுறை. பைரன் (1788), ஷெல்லி (1792), கீட்ஸ் (1795) இளைய தலைமுறை. வேடிக்கை என்னவென்றால் இளையவர்கள் மூவரும் 1824க்குள் இறந்துவிட்டார்கள், வேர்ட்ஸ்வொர்த் 1850 வரை வாழ்ந்தார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இந்த இயக்கம் பெரிதாக நடந்தது. இங்கே ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொடங்க வேண்டிய புத்தகம் 'லிரிக்கல் பேலட்ஸ்'. 1798இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்த மெல்லிய தொகுப்பு. மொத்தம் 23 கவிதைகள், அதில் நான்கு மட்டும் கோல்ரிட்ஜுடையவை, மற்றவை வேர்ட்ஸ்வொர்த் எழுதியவை. முதல் கவிதை, அல்பட்ராஸ் பறவையைக் கொன்ற கிழட்டு மாலுமியின் கதை. கடைசிக் கவிதை, வை நதிக்கரையில் டின்டர்ன் மடத்துக்குச் சில மைல் மேலே எழுதிய வரிகள். ஆவிகள் ஓட்டும் கப்பலில் தொடங்கி, ஒரு மனிதன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தன் ஐந்து வருடத்தை நினைத்துப் பார்ப்பதில் புத்தகம் முடிகிறது. இதை வாங்கும்போது 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் வேர்ட்ஸ்வொர்த் சேர்த்து, 1802இல் விரித்து எழுதிய முன்னுரையும் இருக்கிறதா என்று பாருங்கள். கவிதை என்பது வலிமையான உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவது என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் வாக்கியம் அங்கேதான் இருக்கிறது. அதே பத்தியில், அப்படி எழுதுபவர் நீண்ட காலம் ஆழமாகச் சிந்தித்தவராகவும் இருக்க வேண்டும் என்கிறார். கைடுகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகின்றன. கொஞ்சம் தள்ளி, அமைதியில் மீண்டும் நினைத்துப் பார்க்கப்பட்ட உணர்ச்சியிலிருந்துதான் கவிதை பிறக்கிறது என்றும் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், 'உணர்ச்சி வந்தது, கொட்டிவிட்டேன்' என்பது இவருடைய கொள்கையே இல்லை என்று தெரிந்துவிடும்.

இதற்கு ஜோடி, கோல்ரிட்ஜின் 'பயோகிராஃபியா லிட்டரேரியா' (1817). முழுதாக வேண்டாம், புதியவர்கள் அதில் மூழ்கிப்போவார்கள். 13, 14, 17 ஆகிய மூன்று அத்தியாயங்கள் போதும். இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்ட கதை 14இல் வருகிறது. கோல்ரிட்ஜ் அமானுஷ்யத்தை நம்பும்படி எழுத வேண்டும், வேர்ட்ஸ்வொர்த் அன்றாட விஷயத்தைப் புதிதாகத் தோன்றும்படி எழுத வேண்டும். அப்புறம் 17இல் நண்பரோடு நேரடி மோதல். கிராமத்து எளிய மக்கள் பேசுவதே மனிதர்களின் உண்மையான மொழி என்று முன்னுரை சொல்லியிருந்தது. அதெப்படி, படிப்பும் சிந்தனையும் இல்லாமல் அந்த மொழி எங்கிருந்து வளம் பெறும் என்று கோல்ரிட்ஜ் குறுக்கு விசாரணை செய்கிறார். கற்பனையின் இரண்டு நிலைகளைப் பற்றிய புகழ்பெற்ற வரையறை 13இல் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் ஒரு நண்பரின் கடிதம். இந்த அத்தியாயம் யாருக்கும் புரியாது, அச்சில் போடாதீர்கள் என்று அந்த நண்பர் கெஞ்சுகிறார். அவர் சொல்லைக் கேட்டு முடிவை மட்டும் தருகிறேன் என்று கோல்ரிட்ஜ் சுருக்கிவிடுகிறார். அந்தக் கடிதத்தை எழுதியவரும் கோல்ரிட்ஜேதான்!

நினைவும் கற்பனையும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி ஒன்று உண்டு. டாஃபடில் என்ற மஞ்சள் பூக்களைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை, அவர் தங்கை டோரதியின் கிராஸ்மியர் நாட்குறிப்பு. 1802 ஏப்ரல் 15ஆம் தேதி அண்ணனும் தங்கையும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை ஓரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். காற்று மூச்சைப் பறித்தது, ஏரி கொந்தளித்தது என்று டோரதி எழுதுகிறார். முதலில் தண்ணீரின் ஓரத்தில் சில பூக்கள்தான் கண்ணில் படுகின்றன. ஏரித் தண்ணீர் விதைகளை அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகப் போகப் பூக்கள் கூடிக்கொண்டே போகின்றன. பாசி படிந்த கற்களில் சில பூக்கள் களைப்பில் தலையணையில் சாய்வதுபோலத் தலை சாய்த்திருக்கின்றன. மற்றவை தள்ளாடி, சுழன்று, ஆடி, காற்றோடு சேர்ந்து சிரிப்பதுபோல இருக்கின்றன.

கவிதையை வேர்ட்ஸ்வொர்த் எழுதியது இரண்டு வருடம் கழித்து, 1804இல். அச்சானது 1807இல். அதில் தங்கை இல்லை. மேகம்போலத் தனியாக அலைந்தேன் என்றுதான் கவிதை ஆரம்பிக்கிறது. மூச்சை அடைத்த காற்று மென்காற்றாகிவிட்டது. களைத்துப் படுத்த பூக்கள் காணோம், எல்லாமே ஆடுகின்றன. 1815இல் திருத்தியபோது பால்வெளி நட்சத்திரங்களை வைத்து ஒரு பத்தியையே புதிதாகச் சேர்த்தார். தனிமையின் பேரின்பமான அகக்கண்ணில் அந்தப் பூக்கள் பளிச்சிடுகின்றன என்ற இரண்டு வரிகளும் தன் மனைவி மேரி கொடுத்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். தனிமையைப் பாடும் கவிதைக்குள் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள்.

இதை வைத்து வேர்ட்ஸ்வொர்த் பொய் சொன்னார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பார்த்ததை மனம் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதைத்தான் அவர் கவிதையாக்குகிறார், கடைசிப் பத்தியில் கவிஞர் ஏரிக்கரையில் இல்லை, வீட்டுச் சாய்விருக்கையில் படுத்திருக்கிறார். ஆனாலும் டோரதியின் குறிப்பு அருகில் இல்லாவிட்டால் இந்த மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர் நாட்குறிப்பைப் புத்தகமாகப் போடுவதற்காக எழுதவில்லை. அண்ணன் ஊரிலிருந்து திரும்பி வந்து படித்தால் மகிழ்வார் என்று 1800 மே மாதம் தொடங்கினார். எனக்கு அந்தக் காலத்து உரைநடையில் இதுதான் மிகவும் பிடித்தது. பிச்சைக்காரர்கள், வேலை இழந்தவர்கள், ரொட்டி சுடுவது, பல்வலி எல்லாம் ஒரே மூச்சில் வரும்.

குழந்தைப் பருவம் என்ற கருப்பொருளுக்குப் பிளேக். அவர் ஜோடியை அவரே போட்டுக் கொடுத்துவிட்டார். 1789இல் 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' (களங்கமின்மையின் பாடல்கள்), அதோடு அனுபவத்தின் பாடல்களையும் சேர்த்து 1794இல் ஒரே புத்தகம். புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றி இரண்டிலும் ஒரே தலைப்பில் ஒரு கவிதை உண்டு. முதல் கவிதையில், அம்மா இறந்தபின் அப்பா விற்றுவிட்ட பையன் பேசுகிறான். 'ஸ்வீப்' என்று கூவித் தொழில் கேட்க வேண்டியவனுக்கு மழலை மாறாத வாயில் 'வீப்' என்றுதான் வருகிறது. அழு, அழு என்று கூவிக்கொண்டு தெருவில் போகிறான். கறுப்புச் சவப்பெட்டிகளில் அடைபட்ட சிறுவர்களை ஒரு தேவதை வந்து திறந்துவிடுவதாக அவன் நண்பன் டாம் கனவு காண்கிறான். எல்லோரும் கடமையைச் செய்தால் கெடுதல் எதுவும் வராது என்று கவிதை முடிகிறது. இரண்டாவது கவிதையில் பனியில் நிற்கும் ஒரு சிறிய கரிய உருவம். அப்பா அம்மா எங்கே என்று கேட்டால், கோயிலுக்குப் பிரார்த்தனை செய்யப் போயிருக்கிறார்கள் என்கிறது. நான் ஆடிப் பாடுவதைப் பார்த்துத் தாங்கள் எனக்குத் தீங்கு செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்கிறது.

இரண்டாவதைப் படித்துவிட்டு முதல் கவிதையின் கடைசி வரிக்குத் திரும்பிப் போங்கள். அந்த ஆறுதல் யாருக்குச் சாதகம் என்ற கேள்வி அப்போது எழும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது. கேட்பார் இல்லை. பிளேக் செப்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் சேர்த்துச் செதுக்கித் தானே அச்சிட்டார், மனைவி கேத்தரினும் கூட இருந்து உதவினார். அதனால் வெறும் எழுத்துப் பதிப்பை வாங்காதீர்கள். வண்ணத் தகடுகளோடு வந்த பதிப்பு வேண்டும். இணையத்தில் வில்லியம் பிளேக் ஆவணக்காப்பகம் அவற்றை இலவசமாகவே வைத்திருக்கிறது.

கீட்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, ஒரு ஜோடியை மட்டும் சொல்கிறேன். 1819இல் அவர் எழுதிய நைட்டிங்கேல் கவிதையில் பறவை கண்ணுக்கே தெரிவதில்லை. இருட்டில் பாட்டு மட்டும் கேட்கிறது. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு கவிஞர் மது, மறதி, மரணம், பழைய அரசர்களும் பாமரர்களும் கேட்ட குரல் என்று போய்க்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் ஜான் கிளேரின் நைட்டிங்கேல் கூடு பற்றிய கவிதையை வையுங்கள். நார்தாம்ப்டன்ஷயரில் பண்ணைக் கூலியாக இருந்தவர் கிளேர். முள்ளை விலக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் வாருங்கள் என்று நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார். கூடு காய்ந்த ஓக் இலையாலும் பாசியாலும் ஆனது. உள்ளே ஐந்து முட்டைகள், மங்கிய பச்சை, இல்லை, ஆலிவ் பழுப்பு என்று நிறத்தைக் கூடத் திருத்திச் சொல்கிறார். கீட்ஸுக்கும் கிளேருக்கும் ஒரே பதிப்பாளர். பெருநகரத்துக்காரர்களைப்போல கீட்ஸும் இயற்கையை நேரில் பார்த்து எழுதாமல் தன் கற்பனைக்குத் தோன்றியபடி எழுதுகிறார் என்று கிளேர் குறைபட்டிருக்கிறார். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், படிக்கிற நாளைப் பொறுத்து மாறுகிறது. கிளேரின் கிராமமான ஹெல்ப்ஸ்டனில் பொது நிலத்தை வேலி போடும் சட்டம் 1809இல் வந்தது. அந்த இழப்பைப் பாடிய அவருடைய 'த மோர்ஸ்' கவிதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீட்ஸுக்கு அவருடைய கடிதங்கள் அவசியம். முடிவு தெரியாத நிலையிலும் பதறாமல் ஐயத்திலேயே தங்கியிருக்கும் திறமை பற்றி அவர் பேசுவது 1817 டிசம்பரில் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில்.

அச்சமும் வியப்பும் கலந்த அனுபவத்தை 'சப்லைம்' என்பார்கள். அதன் கோட்பாட்டை எட்மண்ட் பர்க் 1757இலேயே எழுதிவிட்டார். அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். வேர்ட்ஸ்வொர்த்தின் 'பிரெலூட்' நெடுங்கவிதையில் படகு திருடும் காட்சியை முதலில் படியுங்கள். இரவில் ஒரு சிறுவன் யாருடைய படகையோ அவிழ்த்துக்கொண்டு ஏரிக்குள் துடுப்பு போடுகிறான். அவன் தள்ளிப் போகப் போக, முன்னால் இருந்த மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு பெரிய சிகரம் எழுந்து தன்னைத் துரத்திக்கொண்டு நடந்து வருவதுபோலத் தோன்றுகிறது. நடுங்கிக்கொண்டே படகைத் திருப்புகிறான். பல நாள் அந்த உருவம் கனவில் வந்து தொல்லை செய்கிறது. 'பிரெலூட்' மூன்று வடிவங்களில் கிடைக்கும்: 1799, 1805, கவிஞர் இறந்தபின் அச்சான 1850. புதியவர்களுக்கு 1799 போதும், ஆயிரம் வரிக்குள்தான், படகும் அதில் இருக்கிறது.

இதன் எதிர்ப்பக்கம் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பேய்க்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள், ரொமான்டிக் இலக்கியத்தின் மேல் எழுதப்பட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அந்த நாவல்தான் என்பது என் கருத்து. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் வாடகைக்கு எடுத்த வீட்டில், மழையில் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேசிக்கொண்டார்கள். அப்போது மேரிக்கு 18 வயது. 1818 ஜனவரியில் நாவல் பெயரில்லாமல் வந்தது.

கதையைக் கவனித்துப் படித்தால், 'லிரிக்கல் பேலட்ஸ்' உள்ளேயே நடமாடுவது தெரியும். துருவக் கடலுக்குப் போகும் வால்டன், நான் அல்பட்ராஸைக் கொல்ல மாட்டேன் என்று அக்காவுக்கு எழுதுகிறான். நாவலின் நாயகன், செயற்கையாக ஓர் உயிரைப் படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், அந்த உயிரைக் கண்டு தெருவில் ஓடும்போது கிழட்டு மாலுமியின் வரிகள் அப்படியே வருகின்றன. நண்பன் கிளெர்வலை நினைத்து உருகும் இடத்தில் டின்டர்ன் கவிதை வருகிறது. 1798 தொகுப்பின் முதல் கவிதையும் கடைசிக் கவிதையும் இருபது வருடத்தில் ஒரு நாவலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. கற்பனை தன்னந்தனியாகப் படைக்கும், இயற்கை மனிதனைக் குணப்படுத்தும் என்று மூத்த கவிஞர்கள் நம்பிய இரண்டையும் மேரி இங்கே சோதித்துப் பார்க்கிறார். விக்டருக்குக் கற்பனை இருக்கிறது, படைத்ததை வளர்க்கும் பொறுப்பு இல்லை. ஆறுதல் தேடி ஆல்ப்ஸ் பனியாற்றுக்கு ஏறினால் அங்கே எதிரே வருவது அவன் படைத்த உயிர்தான். அந்த உயிரும் ஒரு வாசகன். காட்டில் கிடைத்த பையில் மில்டனின் 'பேரடைஸ் லாஸ்ட்', புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், கெதேயின் 'வெர்தர்' என மூன்று புத்தகங்கள். அவற்றைப் படித்துத்தான் தனக்கு எது மறுக்கப்பட்டது என்று அது தெரிந்துகொள்கிறது. நேரம் இருந்தால் மேரியின் தாய் மேரி வொல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் பெண்ணுரிமைக்காக எழுதிய நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

புரட்சிக்கு வருவோம். 1805 'பிரெலூட்'டின் ஒன்பது, பத்தாம் பகுதிகளில் வேர்ட்ஸ்வொர்த் தன் பிரான்ஸ் அனுபவத்தைச் சொல்கிறார். அந்த விடியலில் உயிரோடு இருந்ததே பேரின்பம் என்ற வரி அங்கே இருக்கிறது, புரட்சியின் பயங்கர ஆட்சிக்குத் தலைமை தாங்கிய ரோபஸ்பியர் செத்தான் என்று கேட்டு மணல்வெளியில் துள்ளியதும் அங்கேயே. பின்னாளில் அரசாங்க உத்தியோகம், 1843இல் அரசவைக் கவிஞர் பட்டம். அந்தப் பட்டத்துக்கு வெகு முன்பே, 1816இல், ஷெல்லி அவருக்கு எழுதிய ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) வெளிவந்தது. உயிரோடு இருப்பவருக்கு எழுதிய இரங்கற்பா மாதிரி இருக்கும். 1819இல் மான்செஸ்டரில் அமைதியாகக் கூடிய கூட்டத்துக்குள் குதிரைப்படை புகுந்து பலர் இறந்தார்கள். இத்தாலியில் இருந்த ஷெல்லி செய்தி கேட்டு 'த மாஸ்க் ஆஃப் அனார்க்கி' எழுதி அனுப்பினார். வழக்குக்குப் பயந்து அதை உடனே அச்சிடவில்லை. 1832இல்தான் வந்தது, ஷெல்லி இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதன் காரணம் இந்தக் கவிதையைப் படிக்கும்போது தானாகப் புரியும்.

விமர்சன நூல்களைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மேலே சொன்னவற்றில் பாதியாவது முடித்தபிறகு இவற்றைத் தொடுவது நல்லது. ஏப்ரம்ஸின் 'த மிரர் அண்ட் த லாம்ப்' (1953) கொஞ்சம் பெரியது. மனம் உலகைக் காட்டும் கண்ணாடி என்ற பழைய எண்ணம் போய், தானே ஒளி வீசும் விளக்கு என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதே அதன் வாதம். இதற்கும் ஜோடி உண்டு. ரொமான்டிக் கவிஞர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதை விமர்சகர்களும் அப்படியே நம்பிவிட்டார்கள் என்று ஜெரோம் மெக்கன் 1983இல் எழுதினார். அந்த வழியில் மார்ஜரி லெவின்சன் 1986இல் டின்டர்ன் கவிதையை எடுத்துக்கொண்டார். தலைப்பில் மடம் இருக்கிறது, கவிதையில் ஏன் இல்லை? அந்தப் பாழடைந்த மடத்தில் பிச்சைக்காரர்கள் ஒண்டிக் கிடந்தார்கள், அருகிலேயே இரும்பாலைகள் இருந்தன, அவையெல்லாம் எங்கே போயின? நல்ல கேள்வி. ஆனால் கவிதை எதைச் சொல்லவில்லை என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் அது சொல்வது காதில் விழாமல் போகும். ஜொனதன் பேட் 1991இல் வேர்ட்ஸ்வொர்த்தைச் சூழலியல் கண்ணோட்டத்தில் படித்து இவர்களுக்குப் பதில் சொன்னார்.

கோட்பாடு அலுப்பூட்டினால் ரிச்சர்ட் ஹோம்ஸ் எழுதிய ஷெல்லி, கோல்ரிட்ஜ் வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. அந்தக் காலத்து விஞ்ஞானிகளையும் கவிஞர்களையும் சேர்த்துச் சொல்லும் அவருடைய 'த ஏஜ் ஆஃப் வொண்டர்' (2008) நாவல் மாதிரி ஓடும். ஜெர்மன் பக்கத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள ஐசையா பெர்லினின் 'த ரூட்ஸ் ஆஃப் ரொமான்டிசிசம்', மொத்த இயக்கத்துக்கும் ஒரு சின்ன அறிமுகம் வேண்டுமென்றால் மைக்கேல் ஃபெர்பரின் கையடக்க நூல்.

காசு விஷயம்: பெரும்பாலான கவிதைகளும் நாவலும் காப்புரிமை முடிந்தவை, புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அடிக்குறிப்பு வேண்டுமென்றால் டங்கன் வூ தொகுத்த 'ரொமான்டிசிசம்: அன் ஆந்தாலஜி' ஒன்று போதும். நூலகத்தில் பழைய பதிப்பு கிடைத்தாலும் சரி. 'ஃபிராங்கன்ஸ்டைன்' வாங்கும்போது மட்டும் உள்பக்கத்தைப் பாருங்கள். 1831இல் மேரி நாவலை நிறையத் திருத்தினார், 1818இல் விக்டருக்கு அத்தை மகளாக இருந்த எலிசபெத் அதில் எடுத்து வளர்த்த பெண்ணாக மாறிவிட்டாள், விதியின் மேல் பழிபோடும் பேச்சும் கூடிவிட்டது. ஜெனீவா மழைக் கதையை மேரியே விரிவாகச் சொல்லும் முன்னுரை 1831 பதிப்பில்தான் உண்டு. கதைக்கு 1818 பதிப்பை எடுத்துக்கொண்டு, அந்த முன்னுரையைத் தனியாகத் தேடிப் படித்துவிடுங்கள்.